கிட்ஹப்பில் ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் இறக்க: எந்த வழி டேட்டாவைக் காப்பாற்றும்?

கேரள-தமிழக எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறையில் போர்டும் நோட்டீஸும் டிசைன் செய்கிறேன். இங்கே ஒரே தாளில் தமிழும் மலையாளமும் வந்தாக வேண்டும். அதற்கு எனக்குப் பிடித்த தமிழ் எழுத்துரு மீரா இனிமை. அதைப் பராமரிப்பதே சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் ஆட்கள்தான், அவர்களுடைய மலையாள மீராவுக்குப் பக்கத்தில் வைத்தால் அக்கா தங்கை மாதிரி இருக்கும். கிட்ஹப் தளத்தில் உள்ள கூகுள் ஃபான்ட்ஸ் ரெப்போவில் (ரெப்போ என்றால் ஒரு திட்டத்தின் மொத்தக் கோப்புத் தொகுப்பு) இது ஒரு சின்ன ஃபோல்டர். முழு ரெப்போவோ ஜிபி கணக்கு. (ஃபான்ட்ஸ் தளத்தில் தனியாகவே இறக்கலாம், சரி, ஆனால் இதே தேவை எந்த ரெப்போவிலும் வரும்.)

டவுன்லோட் ஜிப் பட்டன் முழு ரெப்போவையும்தான் தரும். எல்லைப் பக்கம் சிக்னல் போய்ப் போய் வரும், பாதியில் அறுந்தால் திரும்ப முதலிலிருந்துதான். ஃபோன் டேட்டாவை நம்பியிருப்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கடைக்கு வரும் பையன் ஒருவன், "அண்ணா, எஸ்விஎன் எக்ஸ்போர்ட் போட்டேன், எரர் வருது" என்றான். அவன் மேல் தப்பே இல்லை. 2024 ஜனவரியில் கிட்ஹப் சப்வெர்ஷன் (எஸ்விஎன் என்கிற பழைய கருவி) ஆதரவையே எடுத்துவிட்டது, பழைய பதிவுகள்தான் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

சின்ன ஃபோல்டர் என்றால் பிரவுசரே போதும். ரெப்போ பக்கத்தில் முற்றுப்புள்ளி கீயை அழுத்தினால் எடிட்டர் திறக்கும், ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து டவுன்லோட் கொடுங்கள். குரோம், எட்ஜில் செய்வது நல்லது. டவுன்கிட் மாதிரி லிங்க் ஒட்டும் தளங்களும் எளிதுதான். ஆனால் லாகின் இல்லாமல் கிட்ஹப் ஏபிஐ (இந்தத் தளங்கள் கிட்ஹப்பிடம் ஃபைல் விவரம் கேட்கும் வழி) ஒரு ஐபி முகவரிக்கு மணிக்கு 60 கோரிக்கைதான் தரும், மொபைல் நெட்டில் ஒரே ஐபியைப் பலர் பகிர்வதால், உள்ளே துணை ஃபோல்டர் நிறைய இருந்தால் சட்டென்று நின்றுவிடலாம். முழு ரெப்போவும் ஒரே கட்டாக வரும் டார் கோப்பை கர்ல் என்ற கட்டளை வழியாக இழுத்து வேண்டிய ஃபோல்டரை மட்டும் பிரித்தெடுக்கும் வழியும் உண்டு, அதில் மிச்சமாவது டிஸ்க் இடம்தான், டேட்டா முழுக்கச் செலவாகிவிடும்.

என் ஓட்டு ஸ்பார்ஸ் செக்அவுட்டுக்கு, அதாவது கிட் என்ற கருவியில் வேண்டிய ஃபோல்டரை மட்டும் எடுக்கும் வசதிக்கு. அதற்கான கட்டளை 2020இல் வந்த கிட் 2.25 முதல் இருக்கிறது. ரெப்போவை நகலெடுக்கும் கிட் குளோனோடு (git clone) டெப்த் 1 (--depth 1), ஃபில்டரில் பிளாப் நன் (--filter=blob:none), அப்புறம் ஸ்பார்ஸ் (--sparse) என மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். முடிந்ததும் ரெப்போவுக்குள் போய் கிட் ஸ்பார்ஸ்-செக்அவுட் செட் (git sparse-checkout set) என்று அடித்து ஃபோல்டரின் முழுப் பாதையைக் கொடுத்தால், அதன் ஃபைல்கள் மட்டும் இறங்கும். டெப்த் 1ஐ மறந்தால், ஃபைல்கள் வராவிட்டாலும் பழைய கமிட்டுகளும் (மாற்றங்களின் பதிவுகள்) ஃபோல்டர் பட்டியல்களும் மொத்தமாக இறங்கி, மிச்சம் பிடித்த டேட்டாவில் ஒரு பங்கைத் தின்றுவிடும். வேர் ஃபோல்டரில் இருக்கும் ரீட்மீ மாதிரி சில ஃபைல்களும் கூடவே வரும், அது பிழை இல்லை. இன்னொரு எழுத்துரு வேண்டுமென்றால் செட்டுக்குப் பதில் ஆட் (git sparse-checkout add) போட்டு அதன் பாதையைக் கொடுங்கள், மறுபடி குளோன் தேவையில்லை. நான் மஞ்சரியை அப்படித்தான் சேர்த்தேன்.