பவர்லைன் அடாப்டரில் வி-லேன்: புதுச்சேரிப் பழைய வீட்டில் எட்டு மாதம் ஓட்டிப் பார்த்தது

வைசியாள் வீதிக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீடு. திண்ணை, தாழ்வாரம், நடுவில் முற்றம், மாடியில் நான்கு அறை, பின்கட்டில் இரண்டு அறை. இப்போது விருந்தினர் விடுதியாக நடக்கிறது. சுவர் ஒன்றரை அடிக்கு மேல் கனம், எல்லாம் சுண்ணாம்புக் காரை. டிரில் மெஷினை வைத்தால் கையகலத்துக்குப் பெயர்ந்து விழும். அந்தக் காரையைத் திரும்பப் பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. அதனால் அங்கே லேன் கேபிள் மொட்டைமாடி வழியாக வெளியில்தான் போயிற்று. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது அந்தக் கேபிள் அறுந்தது.

சுவரைத் தொடாமல் வேலையை முடிக்கப் பவர்லைன் அடாப்டர்தான் வழி என்று நான் சொன்னேன். வீட்டில் ஏற்கெனவே ஓடும் கரண்ட் ஒயரிலேயே இன்டர்நெட்டையும் அனுப்பும் பெட்டி அது. ரிசப்ஷனில் ஒன்று, மாடியில் ஒன்று, பின்கட்டில் ஒன்று என்று மூன்று மாட்டினோம். மாட்டிய அன்றே ஓடியது. பதினைந்து நாள் கழித்து வீட்டுக்கார அக்காவிடமிருந்து போன்.

“தம்பி, பில்லு பிரின்டர்ல யாரோ ஒரு பொண்ணு போட்டோ வந்து விழுந்திருக்கு. இது யாரு?”

பின்கட்டில் தங்கியிருந்தவர் போனிலிருந்து பிரின்ட் கொடுத்திருக்கிறார். அவர் போனுக்கு ரிசப்ஷன் பிரின்டர் தெரிந்திருக்கிறது. பிரின்டர் தெரிந்தால் பில்லிங் கம்ப்யூட்டரும் கேமரா ரெக்கார்டரும் தெரியும். விருந்தாளிகளின் பாஸ்போர்ட் நகல் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. எனக்குப் பகீரென்றது. அன்று மாலையே பிரிக்கும் வேலையைத் தொடங்கினேன்.

வி-லேன் என்பது ஒரே ஒயரில் ஓடும் நெட்வொர்க்கை எண் போட்டுத் தனித்தனியாகப் பிரிக்கும் முறை. அலுவலகத்துக்கு வி-லேன் 10, விருந்தாளிகளுக்கு வி-லேன் 20. ரிசப்ஷனில் மேனேஜ்டு சுவிட்ச் (எந்த போர்ட்டில் எந்த வி-லேன் என்று நாமே அமைக்கக்கூடிய லேன் பெட்டி) ஒன்று வைத்து இரண்டையும் டேக் போட்டு அடாப்டருக்குள் அனுப்பினேன். டேக் என்பது ஒவ்வொரு ஈதர்நெட் ஃபிரேமிலும், அதாவது லேனில் போகும் ஒவ்வொரு டேட்டாப் பொட்டலத்திலும், சேரும் 4 பைட். எந்த வி-லேன் என்பதை அதில் 12 பிட் சொல்லும். மாடியில் ஊழியர்களும் இருப்பதால் அங்கே 10, 20 இரண்டும் வேண்டும். பின்கட்டில் 20 மட்டும் போதும்.

இங்கேதான் பலரும் தப்பு செய்கிறார்கள். சுவிட்சில் பிரித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஆனால் மூன்று அடாப்டருக்கும் நடுவில் இருப்பது ஒரே கரண்ட் ஒயர். சுவிட்ச் மாதிரி போர்ட் போர்ட்டாகப் பிரியாது. ரிசப்ஷன் பெட்டிக்குள் 10-ஆம் எண் போனால் அது பின்கட்டுப் பெட்டிக்கும் போகும். பின்கட்டு அறையில் ஆக்சஸ் பாயின்டின் (வைஃபை கொடுக்கும் பெட்டி) கேபிளைப் பிடுங்கித் தன் லேப்டாப்பில் சொருகுகிற ஆள் தானே 10 என்று டேக் போட்டுக்கொண்டால் நேரே அலுவலகத்துக்குள் நிற்பார். இதைக் காகிதத்தில் மட்டும் யோசிக்கவில்லை, செய்து பார்த்தேன். என் லேப்டாப்பில் லினக்ஸ். அதில் 10-ஆம் எண்ணுக்கு ஒரு வி-லேன் இன்டர்ஃபேஸ் உருவாக்கி, பிரின்டருக்குப் பிங் அடித்தேன், அதாவது ‘இருக்கிறாயா’ என்று கேட்டுப் பார்த்தேன். முதல் பிங்கிலேயே பதில் வந்தது.

ஆக, தடுப்பு அடாப்டருக்குள்ளேயே இருக்க வேண்டும். பெட்டியோடு கொடுத்த மொபைல் ஆப்பில் அதற்கு இடமே இல்லை. பெயர் மாற்றலாம், விளக்கை அணைக்கலாம், அவ்வளவுதான். அப்போதுதான் ஓப்பன் பிஎல்சி யூட்டில்ஸ் பக்கம் வந்தேன். இந்த மதிப்புரை உண்மையில் அதற்காகத்தான்.

குவால்காம் ஏதெரோஸ் தன் பவர்லைன் சிப்புகளுக்காக வெளியிட்ட இலவசக் கருவித் தொகுப்பு இது. சி மொழியில் எழுதியது, மூலநிரல் திறந்தே கிடக்கிறது. இறக்கி, மேக், மேக் இன்ஸ்டால் என்று இரண்டு கட்டளை அடித்தால் தயார். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச லினக்ஸ் மென்பொருள் போட்ட ரவுட்டரில் பேக்கேஜாகவே கிடைக்கிறது. உள்ளே குட்டிக் குட்டி நிரல்கள் நிறைய. தினமும் எனக்கு வேண்டியவை இரண்டு: பிஎல்சிடூல், பிஎல்சிஎஃப்டபிள்யூடி. முன்னது அடாப்டரோடு பொதுவாகப் பேச. பின்னது எந்த வி-லேனை அடாப்டர் கடத்த வேண்டும் என்று சொல்ல.

வாங்குவதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹோம்பிளக் ஏவி வகை, அதிலும் இந்த நிறுவனத்தின் சிப் உள்ள பெட்டிகளுக்குத்தான் இது. ஜி.எச்.என் என்ற இன்னொரு பவர்லைன் வகைப் பெட்டி வேறு பாஷை பேசும். அதனிடம் இந்தக் கட்டளைகள் எடுபடாது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி வெள்ளை டப்பாதான்.

முதலில் பிஎல்சிடூலில் மைனஸ் எம். நெட்வொர்க்கில் யார் யார் இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் போக வர எவ்வளவு வேகம் என்று காட்டும். எந்த நெட்வொர்க் கார்டு வழியாகப் பேச வேண்டும் என்பதை மைனஸ் ஐ போட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் இத்1 என்று தானே எடுத்துக்கொள்ளும், பல லேப்டாப்பில் அந்தப் பெயரில் கார்டே இருக்காது. நிர்வாகி உரிமையோடு ஓட்டக் கட்டளைக்கு முன்னால் சூடோவும் வேண்டும்.

எனக்கு மாடிப் பெட்டி 148 எம்பிபிஎஸ் காட்டியது. பின்கட்டுப் பெட்டி 37. போய்ப் பார்த்தால், அறையைச் சுத்தம் செய்தவர்கள் அதைக் கழற்றி ஸ்பைக் பஸ்டரில் மாட்டியிருந்தார்கள். ஸ்பைக் பஸ்டர் மின்னழுத்தத் துள்ளலை வடிகட்டும்போது பவர்லைன் சிக்னலையும் சேர்த்து வடிகட்டிவிடும். நேரே சுவர் பிளக் பாயின்டில் மாற்றியதும் 90-ஐத் தாண்டியது. இந்த ஒரு எண்ணைப் பார்க்க முடிவதற்கே இந்தத் தொகுப்பை வைத்துக்கொள்ளலாம். அட்டைப் பெட்டியில் 500 என்று போட்டிருப்பதை நம்பி உட்கார்ந்தால் எங்கே கோளாறு என்று தெரியவே தெரியாது.

அப்புறம் வி-லேன். ஒவ்வொரு அடாப்டருக்கும் பின்னால் ஒட்டியிருக்கும் மேக் முகவரியை (அந்தப் பெட்டிக்கே உரிய அடையாள எண்) கட்டளையில் கொடுக்க வேண்டும். மூன்றையும் முன்பே தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். ரிசப்ஷன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பின்கட்டுப் பெட்டியோடு பேசலாம், எழுந்து போக வேண்டியதில்லை. முதலில் இப்போது என்ன இருக்கிறது என்று கேட்டேன். பிறகு பட்டியலில் 20-ஐச் சேர்த்தேன். அதற்கப்புறம் தடுப்பை இயக்கினேன். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பட்டியல் காலியாக இருக்கும்போது இயக்கினால் என்ன நடக்கும் என்று விருந்தாளிகள் இருக்கும் நேரத்தில் சோதிக்க எனக்கு மனமில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது, நிரந்தரமாக எழுதுவதற்கு இதில் தனிக் கட்டளை இருப்பது. அதுவரை செய்ததெல்லாம் தற்காலிகம்தான். தப்பாகிப் போனால் பெட்டியைப் பிடுங்கித் திரும்பச் சொருகினால் பழைய நிலை. பின்கட்டில் என்னோடு வேலைக்கு வரும் தம்பியை நிறுத்தி வைத்து, “நான் சொன்னா பிடுங்கு” என்று சொல்லியிருந்தேன். பிடுங்க வேண்டிய தேவை வரவில்லை. அதே லேப்டாப்பை அதே கேபிளில் சொருகி மறுபடி பிரின்டருக்குப் பிங் அடித்தோம். ஒரு நிமிடம் பார்த்தோம், பதிலே இல்லை. 20-க்கு மாற்றினால் இன்டர்நெட் வந்தது. அதற்கப்புறம்தான் நிரந்தரமாக எழுதினேன். மாடிப் பெட்டிக்கு 10, 20 இரண்டும் போட்டு அதே முறை.

குறை என்றால் இரண்டு. ஒன்று, கட்டளை வெற்றியா தோல்வியா என்று ஒரு வரிதான் வரும். ஏன் தோல்வி என்று தெரியாமல் முழிக்க வேண்டியிருக்கும். நெட்வொர்க் வேலை தெரிந்தவருக்கு இது சரி. வீட்டுக்காரரே செய்துகொள்ளும் விஷயம் இல்லை. இன்னொன்று அடாப்டரின் குறை, கருவியின் குறை அல்ல. நான் முதலில் வாங்கியதில் இரண்டு லேன் போர்ட் உள்ள மாடல் ஒன்று டேக்கையே உரித்துவிட்டு அனுப்பியது. அரைநாள் சுவிட்சைச் சந்தேகப்பட்டேன். கடைக்காரர் முகம் சுளிக்காமல் ஒற்றைப் போர்ட் மாடலாக மாற்றிக் கொடுத்தார். வி-லேனுக்கு வாங்குகிறவர்கள் ஒற்றைப் போர்ட்டே வாங்குங்கள்.

அடாப்டர்கள் தங்களுக்குள் மறையாக்கம் செய்து பேசும் சாவியையும் மாற்றிவிடுங்கள். இந்த வகைப் பெட்டிகள் பல, ஹோம்பிளக்ஏவி என்ற ஒரே பொதுக் கடவுச்சொல்லோடுதான் கடைக்கு வருகின்றன. நம் தெருக்களில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். கரண்ட் லைனும் ஒரே கம்பத்திலிருந்து வருகிறது. தொகுப்பிலேயே உள்ள எச்பிஏவிகீ, நீங்கள் கொடுக்கும் சொற்றொடரிலிருந்து சாவி உருவாக்கித் தரும்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்று அக்கா கேட்டார், நல்ல கேள்வி. இந்த வீட்டில் மூன்று பெட்டியும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும் பிளக்கில்தான் மாட்டியிருக்கிறது. ஒன்று இன்வெர்ட்டர் லைனிலும் மற்றொன்று வெளி லைனிலும் இருந்தால் சிக்னல் வெகுவாகக் குறையும். கரண்ட் போனதும் ஒரு பெட்டி செத்தே போகும். மூன்று ஃபேஸ் உள்ள வீடுகளில் எந்த அறை எந்த ஃபேஸ் என்று எலக்ட்ரீஷியனை வைத்து முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

எட்டு மாதமாகிறது. நடுவில் எத்தனையோ தடவை கரண்ட் போய் வந்திருக்கிறது, எழுதி வைத்த பட்டியல் அப்படியே இருக்கிறது. மாதம் ஒருமுறை போகும்போது பின்கட்டுக் கேபிளில் லேப்டாப்பைச் சொருகி 10-க்கு ஒரு பிங் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் அக்கா கொடுக்கும் காபியைக் குடிக்கிறேன். அடுத்த வாரம் முத்தியால்பேட்டையில் இதே மாதிரி ஒரு வீடு, அங்கே ஐந்து பெட்டி.