ரோட்டோண்டா, மசேர், எமோ: எந்த வில்லாவுக்குப் போகலாம்?

இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் கட்டடக் கலைஞர் ஆந்த்ரேயா பல்லாடியோ கட்டிய வில்லாக்களில் (நாட்டுப்புற மாளிகைகளில்) ஒன்றை மட்டும் பார்க்க நேரம் இருக்கிறது என்றால், பெரும்பாலோர் கைகாட்டுவது விசென்சா நகருக்கு வெளியே குன்றின்மேல் நிற்கும் ரோட்டோண்டாவைத்தான். நான் ஃபன்சோலோ ஊரின் வில்லா எமோவைச் சொல்வேன். நிலத்தோடு சேர்ந்ததுதானே வில்லா?

16ஆம் நூற்றாண்டில் வெனிஸ் செல்வந்தர்கள் கடல் வணிகத்தில் சேர்த்த பணத்தை உள்நாட்டுப் பகுதியில் நிலமாக மாற்றினார்கள். சதுப்பை வடித்தார்கள், கால்வாய் வெட்டினார்கள். அறுவடைக் காலத்தில் முதலாளி அங்கேயே தங்கி மேற்பார்வை பார்க்க வேண்டும். அதே வீட்டில் விருந்தாளிகளையும் கௌரவமாக உட்கார வைக்க வேண்டும். இந்த இரண்டு தேவைகளுக்கும் பல்லாடியோ எப்படி ஈடுகொடுத்தார் என்பதை வைத்துத்தான் இவற்றை எடை போடுகிறேன்.

ரோட்டோண்டாவின் அழகில் குறை சொல்ல எதுவுமில்லை. நான்கு பக்கமும் ஒரே மாதிரி முகப்பு, ஒவ்வொன்றிலும் ஆறு தூண்கள், நடுவே வட்டக் கூடம், மேலே குவிமாடம். ஆனால் இது ரோமில் போப்பாண்டவரின் அவையில் இருந்து ஓய்வுபெற்ற பாவ்லோ அல்மெரிகோ காட்சியை ரசித்து வாழக் கட்டிய வீடு. 1570இல் வெளியிட்ட தன் நூலில் பல்லாடியோவே இதை நகர மாளிகைகளோடுதான் சேர்த்தார். பண்ணைக் கட்டடம் பிற்காலத்தில் ஸ்கமோட்சி என்ற கட்டடக் கலைஞர் சேர்த்தது.

மசேரில் உள்ள வில்லா பார்பாரோ வேறு ரகம். உள்ளே போனால் கண் ஏமாறும்: பாவ்லோ வெரோனேசே தீட்டிய சுவரோவியத்தில் ஒரு சிறுமி கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறாள். கதவும் ஓவியம், சிறுமியும் ஓவியம். எனக்கு அதைவிடப் பிடித்தது கொல்லைப்புறத்து ஊற்று. மலையடிவாரத்தில் சுரக்கும் நீர் முதலில் சிலைகள் சூழ்ந்த குளத்தில் தேங்கும். அங்கிருந்து சமையலறைக்கு, அப்புறம் தோட்டங்களுக்கு, மாடுகள் குடிக்கும் தொட்டிக்கு, கடைசியில் பழத்தோட்டத்துக்கு. அலங்காரத்துக்கு வந்த நீரே பாசனத்துக்கும் போகிறது!

சரி, எமோவுக்கு வருவோம். நடுவில் அடக்கமான வீடு. இரு பக்கமும் வளைவுகள் வரிசையாக நீளும் சிறகுகள். களஞ்சியம், மது நிலவறை, தொழுவம் எல்லாம் அங்கேதான். இரு முனைகளிலும் புறாக்கூட்டுக் கோபுரங்கள். மழை கொட்டினாலும் வீட்டிலிருந்து தொழுவம்வரை நனையாமல் போகலாம். வாசலுக்கு ஏற அகலமான சரிவுப்பாதை. முகப்பு மண்டபத்தில் ஓவியர் ஜெலோட்டி வரைந்திருப்பது தானியத் தேவதை கேரெஸை. 2004வரை எமோ குடும்பத்திடமே இருந்தது இந்த வில்லா. தொழுவத்தையும் களஞ்சியத்தையும் மறைக்காமல் முகப்பின் அழகாகவே ஆக்கிய இந்தத் துணிச்சல் ரோட்டோண்டாவில் கிடையாது.

ஓவியத்துக்காகப் போகிறவர்கள் மசேரை விடக்கூடாது. அது எமோவுக்குப் பக்கம்தான், காரில் போனால் ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். இவை தினமும் திறந்திருப்பதில்லை. கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.