கட்டுரை எழுத ஏஐ சாட்பாட்: ரொம்ப நாள் பயன்படுத்தியவன் சொல்வது

ஒரு வருடச் சந்தா இலவசமாகத் தருகிறார்களாம், எடுக்கலாமா அண்ணா என்று புதிதாகப் பி.எச்டி. சேர்ந்த தம்பி கேட்டார். வாட்ஸ்அப்பில் பதில் நீண்டுகொண்டே போனதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். நான் 2023இலிருந்து பயன்படுத்துகிறேன். நிலத்தடி நீரில் ஃபுளோரைடை நீக்குவது என் வேலை. ஆங்கிலம், கட்டுரை அனுப்பும்போது மட்டும் தலைதூக்கும் தொல்லை.

அந்தத் தொல்லை தீர்ந்தது, மறுக்க மாட்டேன். "ஆங்கிலத்தைத் திருத்தி அனுப்பவும்" என்று ரெவ்யூவர் (இதழுக்காகக் கட்டுரையை மதிப்பிடுபவர்) எழுதும் குறிப்பு இப்போது வருவதே இல்லை. அதைவிடச் சந்தோஷம், இரண்டாவது ரெவ்யூவருக்கு எழுதும் பதில். ஆத்திரத்தில் தோன்றுவதை அப்படியே தமிழில் தட்டிவிடுவேன்: "ஐயா, நீங்கள் கேட்ட படம் நான்காம் பக்கத்தில்தான் இருக்கிறது, கண்ணைத் திறந்து பாருங்கள்." அது, தங்கள் கவனமான வாசிப்புக்கு நன்றி, படத்தின் இடத்தைத் தெளிவாகக் குறித்துள்ளோம் என்று பவ்யமான ஆங்கிலமாக வரும். இதற்காகவே கோயில் கட்டலாம்.

சரி, எரிச்சலுக்கு வருவோம். மேற்கோள்கள்.

ஆரம்பத்தில் எல்லாம், உலகத்திலேயே இல்லாத கட்டுரைகளை இட்டுக்கட்டும். ஆசிரியர் நிஜம், இதழ் நிஜம், தலைப்பு கற்பனை. கட்டுரையின் அடையாள எண்ணான டிஓஐயைத் தட்டினால் வேறேதோ திறக்கும். அது பரவாயில்லை, உடனே பிடிபட்டுவிடும். இப்போது இணையத்தில் தேடித் தருகிறது. கட்டுரை இருக்கிறது, டிஓஐ சரி, ஆனால் அதில் இருப்பதாகச் சொன்ன விஷயம் உள்ளே இல்லை! போன வாரம், வடிகட்டிப் பொருளான ஆக்டிவேட்டட் அலுமினா, பிஎச் 9இலும், அதாவது காரமான நீரிலும், ஃபுளோரைடை நன்றாகப் பிடிக்கும் என்று ஒரு வரி, பக்கத்திலேயே நிஜ மேற்கோள். பிடிஎஃப்பைத் திறந்தால் வரைபடம் பிஎச் 7உடன் முடிகிறது. அதுவும் 6ஐத் தாண்டியதுமே கோடு இறங்குகிறது. காரத்தன்மை கூடினால் ஹைட்ராக்சைடு வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ஃபுளோரைடு எங்கே ஒட்டும்? சுட்டிக்காட்டினால் "நீங்கள் சொல்வது சரி, மன்னிக்கவும்" என்று சொல்லி, அதே போல இன்னொன்றை நீட்டுகிறது.

2024 பிப்ரவரியில் ஃபிரன்டியர்ஸ் பதிப்பகத்தின் ஆய்விதழ் ஒன்றில், மிட்ஜர்னி என்ற ஏஐ வரைந்த, உறுப்பு அபத்தமாகப் பெருத்த அந்த எலிப் படம் வந்ததே, சில நாளிலேயே கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். எலி எவர் கண்ணிலும் படும். என் பிஎச் 9 யார் கண்ணில் படும்? எந்த ரெவ்யூவர் மேற்கோளைத் திறந்து பார்க்கிறார்? ஏஐ பொறுப்பேற்க முடியாது, அதனால் கட்டுரையாசிரியராகவும் முடியாது என்று பதிப்பு நெறிமுறைக் குழுவான கோப் 2023இலேயே சொல்லிவிட்டது. ஆக, அவப்பெயர் முழுக்க நமக்குத்தான்.

(ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியதென்று அவை சொன்னதை 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள்.)

எடுக்கலாமா? மொழிக்கு நூற்றுக்குத் தொண்ணூறு போடுவேன். ஆனாலும் வேண்டாம் தம்பி. எந்தக் கோடு எங்கே இறங்கும் என்று முதல் வருடத்தில் உங்களுக்குத் தெரியாது. மேற்கோள்களைச் சேர்த்துவைக்கும் ஸொட்டெரோ மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள், அதுவும் இலவசம்தான், திரும்பப் பெற்ற கட்டுரை என்றால் எச்சரிக்கும். பிடிஎஃப்பை நீங்களே படியுங்கள். இரண்டாவது ரெவ்யூவர் வந்து சேரும்போது சொல்லுங்கள், பதிலை என் கணக்கில் போட்டுத் தருகிறேன்.