பழைய பாய்மரப் படகு: அப்படியே விற்பதா, பழுது பார்த்து விற்பதா?

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் கிடக்கும் 12 அடி பாய்மரப் படகை விற்க முடிவு செய்தபோது, இருக்கிற நிலையிலேயே கொடுத்துவிடுவதா, பழுது நீக்கிக் கொடுப்பதா என்ற கேள்வியே முதலில் எழுந்தது.

பழுது பார்த்தால் விலை கூடும் என்பது உண்மைதான். ஆனால் மரப் படகு வேலை தெரிந்த தச்சர் இப்பக்கம் கிடைப்பது அரிது, ஒகேனக்கல்லில் பரிசல் முடைபவர்களின் அருமையான கைத்திறனோ மூங்கிலுக்கே உரியது. வெயிலில் காய்ந்த பலகைகள் சுருங்கி, விரல் நகம் நுழையும் அளவுக்கு இணைப்புகள் விலகியுள்ளன. அந்த இடைவெளிகளைக் கெட்டியான பட்டியால் (விரிசல் அடைக்கும் பசை) இறுக்கி அடைப்பது பெரும் பிழை. படகு நீரில் இறங்கி மரம் ஊறிப் பெருக்கும்போது, விரிய இடமின்றிப் பலகைகள் ஒன்றையொன்று நெருக்கி ஆணிகளைத் தளர்த்திவிடும். பஞ்சுத் திரியை அளவாக வைத்துக் கலப்பற்று அடிக்கத் தெரிந்தவரே, அதாவது நீர் புகாதபடி பலகை இணைப்புகளை அடைக்கத் தெரிந்தவரே, அதைத் தொட வேண்டும். அவசரமாகப் பூசிய வர்ணம் இன்னும் மோசம், உளுத்த மரத்தை மறைக்கிறோமோ என்று வாங்குபவர் சந்தேகிப்பார்.

அப்படியே விற்றால் தொகை குறையும். சென்னைக்காரர்கள் வாங்கினால், அங்கே வரை ஏறக்குறைய 250 கிலோமீட்டருக்கான வண்டி வாடகையையும் கழித்துக் கேட்பார்கள். ஆயினும், மரம் உளுத்துத் திருப்புளியின் முனை அமிழும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்து, படமெடுத்துக் காட்டி விற்பதே நேர்மை என்று உறுதியாகக் கருதுகிறேன். பாயை மட்டும் அலசி நிழலில் உலர்த்தி, கிழிசலைத் தைத்துக் கொடுக்கலாம்; அதற்குச் செலவு சொற்பம்.