கிளைடரா, பாராசூட்டா? பிளஸ் ஒன் சேரும் முன்பே பார்க்க வேண்டிய கணக்கு

பிளஸ் ஒன்னில் காமர்ஸோ, கணக்கு இல்லாத பியூர் சயின்ஸோ எடுத்துவிட்டால் விமானப்படை பைலட் ஆகும் கதவு அன்றைக்கே சாத்திவிடும். பாராசூட்டின் கதவு அப்படிச் சாத்தாது. பி.காம். படிப்பவரும் குதிக்கலாம். இரண்டுக்கும் ஆசைப்படும் மதுரைப் பிள்ளைகள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய வித்தியாசம் இது.

பறப்பதற்கு நேர்வழி புணே கடக்வாஸ்லாவில் உள்ள என்டிஏ என்ற தேசிய பாதுகாப்பு அகாடமி. மூன்று ஆண்டுப் படிப்பு. விமானப்படைக்குத் தேர்வான கேடட்டுகள் அங்கே எஞ்சின் பொருத்திய மோட்டார் கிளைடரில் ஏறிவிட்டு, பிறகு ஹைதராபாத் பக்கம் துண்டிகல்லில் உள்ள விமானப்படை அகாடமிக்குப் போவார்கள். வயது பதினாறரை முதல் பத்தொன்பதரை. கணக்குத் தாளுக்கு 300 மதிப்பெண், பொதுத் தாளுக்கு 600, எஸ்எஸ்பி என்ற அதிகாரித் தேர்வு வாரியத்தின் நேர்முகத்துக்கு 900. தேர்வு மையம் மதுரையிலேயே உண்டு. ஆனால் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் 'வகைக்கெழு', 'அணிக்கோவை' ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்களைத் தனியாகப் பழகாவிட்டால், தெரிந்த கணக்கையே விட்டுவிட்டு வருவார்கள்.

தேர்வைவிடக் கறாரானது உடம்பளவு. பைலட்டுக்கு உயரம் குறைந்தது 162.5 செ.மீ. சுவரில் முதுகு ஒட்டத் தரையில் உட்கார்ந்தால், தரையிலிருந்து உச்சந்தலை வரை 81.5 முதல் 96 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். கால் நீளம் 99 முதல் 120 செ.மீ. தொடை நீளம் 64 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. தாண்டினால் காக்பிட்டில் முழங்கால் இடிக்கும். வீட்டு டேப்பிலேயே இதை அளந்துவிடலாம். எப்போதும் கண்ணாடி போடுபவர்களைப் பைலட் திறன் சோதனைக்கே உட்கார விடமாட்டார்கள். ஆகவே கோச்சிங் சென்டரில் பணம் கட்டும் முன் அண்ணா நகர் அரவிந்தில் கண்ணைக் காட்டிவிடுவது மேல். அந்தத் திறன் சோதனை வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான். 'சும்மா போய்ப் பார்த்துவிட்டு வருவோம்' என்று போகிற இடம் அது இல்லை.

கல்லூரி என்சிசி ஏர் விங்கையும் இதோடு ஒப்பிடுவார்கள். அங்கே கிடைப்பது பெரும்பாலும் மைக்ரோலைட் எனும் இரண்டு இருக்கைக் குட்டி விமானத்தில் பயிற்றுநரோடு ஒரு சிறு சுற்று. ருசி காட்டும், பைலட் ஆக்காது. ஆனால் அதன் 'சி' சான்றிதழுக்கு மதிப்பு அதிகம். பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் படித்த பட்டதாரிக்கு, எழுத்துத் தேர்வு இல்லாமல் விமானப்படையின் சிறப்பு நுழைவில் எஸ்எஸ்பி வரை கூட்டிப்போகும்.

குதிப்புக்கு என்சிசியின் ஆர்மி விங். தேர்வாகும் கேடட்டுகளை ஆக்ராவில் உள்ள பாரா பயிற்சிப் பள்ளிக்கு அனுப்புவார்கள். பெண்களுக்கும் இடம் உண்டு. பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் மருத்துவச் சான்றும் தயாராக இல்லாமல் கடைசி நேரத்தில் வாய்ப்பைக் கோட்டைவிடுபவர்கள் உண்டு. கல்லூரியில் என்சிசியைக் கவனிக்கும் ஆசிரியரான ஏஎன்ஓவிடம் முதல் ஆண்டிலேயே சொல்லி வைக்க வேண்டும். என்டிஏவில் குதிப்பு கட்டாயப் பாடம் இல்லை. ராணுவ அதிகாரியானபின் பாராசூட் ரெஜிமெண்டுக்கு விருப்பம் தெரிவித்து, புரொபேஷனைத் தாண்டினால்தான் பாராசூட் வீரர்களின் அடையாளமான மெரூன் தொப்பி. ஆக, குதிக்க மட்டும் ஆசை என்றால் ஆர்மி விங்தான் சுருக்கு வழி.

ஆக்ராவில் விமானத்தில் ஏற்றும் முன் பல நாள் தரைப்பயிற்சிதான். தரையைத் தொடும்போது பாதங்களையும் முழங்கால்களையும் ஒட்டவைத்து, பாதத்தின் முன்பகுதி, கெண்டைக்கால், தொடை, பிட்டம், முதுகின் பக்கம் என்று வரிசையாகச் சாய்ந்து விழ வேண்டும். அடி ஐந்து இடத்தில் பங்காகிவிடும். கால் அகன்றிருந்தால் ஒரே கணுக்கால் மொத்த எடையையும் வாங்கி முறியும். இன்னொரு தவறு, விமான வாசலில் கோணலாக வெளியேறுவது. உடம்பு சுழன்று கயிறுகள் முறுக்கிக்கொள்ளும். அப்போது தலைக்குமேல் உள்ள பட்டைகளை இரு கைகளாலும் விலக்கி, சைக்கிள் மிதிப்பதுபோல் உதைத்து முறுக்கை அவிழ்க்க வேண்டும்.

கிளைடரில் ஆபத்து வேறு விதம். தரையில் உள்ள வின்ச் இயந்திரம் இழுக்கும் கயிற்றில் மூக்கு தூக்கி ஏறும்போது கயிறு அறுந்தால், ஒரு நொடி தயங்கினாலே வேகம் விழுந்து, இறக்கை தாங்கும் சக்தியை இழந்து ஸ்டால் ஆகிவிடும். உடனே மூக்கை இறக்க வேண்டும். வேகம் மீண்டும் கிடைத்தபிறகுதான் பக்கவாட்டில் திருப்பலாம். எஞ்சின் இல்லாத கிளைடரில் தரையிறங்கத் தவறினால் இன்னொரு சுற்று கிடையாது. மோட்டார் கிளைடரில் உண்டு.

ஃபர்ஸ்ட் குரூப், கண் சரி, வயது பதினேழு என்றால் ஆண்டுக்கு இருமுறை வரும் என்டிஏ தேர்வையே முதலில் எழுத வேண்டும். தவறினால் கல்லூரியில் ஏர் விங். கண்ணாடி ஏற்கெனவே மூக்கில் ஏறியிருந்தால் ஆர்மி விங்கில் சேர்ந்து, ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் இன்றே ஓடத் தொடங்கலாம்.