உப்பு ஓட்ஸ் பிஸ்கட்டா, கருப்பட்டி ஓட்ஸ் பிஸ்கட்டா?

"மைனி, கிராக்கர் செஞ்சு வச்சிருக்கேன், ஞாயித்துக்கிழமை வரும்போ கொண்டாறேன்" என்று போனில் சொன்னேன். "தீவாளிக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு, இப்பமே என்னத்துக்கு பட்டாசு?" என்று கேட்டார் மைனி, அதாவது என் அண்ணன் மனைவி. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் அதற்கு உப்பு பிஸ்கட் என்றுதான் பெயர்.

நான் இருப்பது குமரி மாவட்டத்தில் தோவாளைப் பக்கம். மைனி வீடு குலசேகரத்தில், ரப்பர் தோட்டத்தை ஒட்டி. இரண்டு பேருக்கும் ஓட்ஸ் வீட்டுக்குள் வந்தது டாக்டர் சொல்லித்தான். கஞ்சியாகக் காய்ச்சினால் ஒருத்தரும் தொடவில்லை. பாக்கெட்டை என்ன செய்வது என்று யோசித்ததில் நான் உப்பு பிஸ்கட்டுக்குப் போனேன், மைனி கருப்பட்டியும் தேங்காயும் போட்ட இனிப்பு பிஸ்கட்டுக்குப் போனார். எது கொள்ளாம் என்ற வழக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. ருசியில் தொடங்கிய சண்டை கடைசியில் மழையில் போய் முடிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டுமே நம்மூர்ப் பண்டம் இல்லை. உப்பு பிஸ்கட் ஸ்காட்லாந்துக்காரர்களுடையது. குளிரும் ஈரமுமான அந்த மண்ணில் கோதுமையைவிட ஓட்ஸ்தான் நன்றாக விளையும், அதனால் அதையே தட்டி, அடுப்பில் இரும்புக் கல்லைப் போட்டுச் சுட்டுத் தின்றார்கள். அந்தக் கல் நம் தோசைக்கல்லுக்கு அண்ணன் தம்பி முறை. மைனியின் பிஸ்கட்டுக்கு மூலம் ஆஸ்திரேலியா, நியூசிலாந்தின் ஆன்சாக் பிஸ்கட். முதல் உலகப் போரில் சண்டை போட்ட அந்த இரண்டு நாட்டுப் படையின் பெயர்தான் ஆன்சாக். முட்டை கிடையாது, அதனால் நாள்பட நிற்கும். தேங்காய்கூட அதில் பின்னால் வந்து சேர்ந்ததுதான். ஆஸ்திரேலியாவில் அந்தப் பெயரைப் போட்டு விற்க அரசிடம் அனுமதி வாங்க வேண்டும், 'குக்கீ' என்று எழுதவும் கூடாது. மைனி கருப்பட்டியை வைத்துச் செய்வது அவர்களுக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்களோ.

சரி, செய்முறைக்கு வருவோம். கடையில் பெரும்பாலும் கிடைப்பது சீக்கிரம் வேகிற மெல்லிய ஓட்ஸ். கொஞ்சம் தடித்த, முழு அவல் மாதிரியான ஓட்ஸ் நாகர்கோவில் பெரிய கடைகளில் கிடைக்கும். மைனியின் பிஸ்கட்டுக்கு அந்தத் தடித்த ரகம்தான் சரி, கடிக்கும்போது பல்லுக்கு வேலை இருக்கும். உப்பு பிஸ்கட்டுக்கு எதுவானாலும் பரவாயில்லை, எப்படியும் மிக்சியில் போகப் போகிறது.

உப்பு பிஸ்கட்டுக்கு 200 கிராம் ஓட்ஸ். அதில் முக்கால் பங்கை ரவைப் பதத்துக்கு அரைத்து, மீதியை அப்படியே சேர்க்க வேண்டும். முக்கால் டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் சமையல் சோடா, ஒன்றிரண்டாகப் பொடித்த நல்லமிளகு, கொஞ்சம் சீரகம், மொறுமொறுவென்று வறுத்து நொறுக்கிய கறிவேப்பிலை. 40 கிராம் தேங்காய் எண்ணெயை ஊற்றிப் பிசறிவிட்டு, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் கொஞ்சம் கொஞ்சமாக, மொத்தம் 100 மில்லி அளவுக்கு.

இங்கேதான் எல்லாரும் தவறு செய்வார்கள். தண்ணீர் விட்டதும் மாவு உதிரி உதிரியாக, எதற்கும் ஒட்டாமல் கிடக்கும். உடனே இன்னும் தண்ணீர் ஊற்றத் தோன்றும். ஊற்றக் கூடாது. கோதுமையில் இருக்கிற ஜவ்வு ஓட்ஸில் இல்லை. ஓட்ஸை ஒட்டவைப்பது பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து. அது வெந்நீரைக் குடித்துக் கொழகொழவென்று ஆகப் பத்து நிமிடம் எடுக்கும். மூடி வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்த்துவிட்டு வந்தால், கொழுக்கட்டை மாவு மாதிரி தானாகவே சேர்ந்து நிற்கும். முதல் தடவை அவசரப்பட்டு நான் ஊற்றிய தண்ணீரில் பிஸ்கட் வரவில்லை, அடைதான் வந்தது. வீட்டில் தேங்காய்ச் சட்னி தொட்டுத் தின்றுவிட்டார்கள்.

பிறகு இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்து 3 மில்லிமீட்டர் கனத்துக்கு உருட்ட வேண்டும். ஓரம் வெடிக்கும். வெடித்த இடத்தை விரலால் சேர்த்து அமுக்கிவிட்டு, சின்ன டம்ளர் வாயால் வெட்டினால் முப்பதுக்கு மேல் வரும். ஓவனில் 170 டிகிரி, 25 நிமிடம், பாதியில் ஒரு தடவை திருப்பிப் போட வேண்டும். நிறத்தைப் பார்த்து எடுக்காதீர்கள், இது பெரிதாகச் சிவக்காது. ஒன்றை எடுத்து ஆறவைத்து உடைத்துப் பார்த்தால் 'டக்' என்று சத்தம் வர வேண்டும்.

மைனியின் செய்முறையில் வேலை அதிகம், வேடிக்கையும் அதிகம். 100 கிராம் ஓட்ஸ், 100 கிராம் கோதுமை மாவு, 60 கிராம் தேங்காய்த் துருவல். பச்சைத் துருவலை அப்படியே போட்டால் பிஸ்கட் நமுத்துவிடும். வெறும் சட்டியில் சிறு தீயில் கை வலிக்கக் கிளறி, ஈரம் போய் உதிரியாகி இளஞ்சிவப்பு வரும்வரை வறுக்க வேண்டும். இன்னொரு அடுப்பில் 100 கிராம் கருப்பட்டியைத் தட்டிப் போட்டு மூன்று ஸ்பூன் தண்ணீர் விட்டுக் கரைத்து, வடிகட்டி (கருப்பட்டியில் மண் இருக்கும், அதை மறந்தால் பிஸ்கட் நறநறக்கும்), 100 கிராம் வெண்ணெயோடு திரும்பக் கொதிக்கவிட வேண்டும். அரை டீஸ்பூன் சோடாவை இரண்டு ஸ்பூன் வெந்நீரில் கரைத்து அதில் ஊற்றினால், கறுத்துக் கிடந்த பாகு புஸ்ஸென்று நுரைத்து, நிறம் வெளுத்து, பாத்திரத்தின் வாய்வரைக்கும் ஏறும். மைனியின் பேரப்பிள்ளைகள் இதைப் பார்க்கவே ஸ்டூல் போட்டு நிற்பார்கள். ஆகவே பெரிய பாத்திரமாக வையுங்கள். அந்த நுரை அடங்குவதற்குள் மாவில் கொட்டிக் கிளறி, எலுமிச்சை அளவு உருட்டித் தட்டி, 160 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். 24 பிஸ்கட் வரும். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால்தான் இறுகும். வேகவில்லை என்று நினைத்துத் திரும்ப உள்ளே தள்ளினால் கருப்பட்டி கரிந்து கசந்துவிடும்.

மணத்தில் போட்டியே இல்லை. மைனி சுடும்போது அக்கானி (பதநீர்) காய்ச்சுகிற இடத்தில் நிற்பது போல இருக்கும். என் உப்பு பிஸ்கட் வேகும்போது பெரிதாக ஒரு வாசமும் வராது. முதல் தடவை தின்று பார்த்துவிட்டு மைனி சொன்னது: "ஓலைச் சருகு மாதிரியாக்கும் இருக்கு." ஆனால் மறுநாள் மத்தியானம் மீன் ஊறுகாயை அதன்மேல் வைத்து நாலைந்து உள்ளே போனதை நான் பார்த்தேன்.

வெண்ணெயா, தேங்காய் எண்ணெயா என்பது தனி வழக்கு. வெண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீரும் பால் சத்தும் இருக்கும், எண்ணெய் முழுக்கவும் கொழுப்பு. ஆகவே மாற்றிப் போடும்போது 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 25 டிகிரிக்குக் கீழே போனால்தான் உறையும். நம்மூரில் மார்கழி விடியற்காலையில்கூட அதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால் இனிப்பு மாவு தட்டில் பரந்து, பக்கத்துப் பிஸ்கட்டோடு ஒட்டிக்கொள்ளும். உருட்டித் தட்டியதை 20 நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்துச் சுட்டால் பரவாது. மைனி வெண்ணெயை விட மாட்டார். நான் செய்து பார்த்தவரையில், வறுத்த தேங்காயோடு செக்கு எண்ணெய்தான் சேர்கிறது. இதில் நாங்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

ஓவன் இல்லாதவர்களுக்கு என்ன வழி? இங்கே உப்பு பிஸ்கட் சுலபமாக ஜெயிக்கிறது. தோசைக்கல்லைச் சிறு தீயில் வைத்து, எண்ணெய் தடவாமல், பக்கத்துக்கு ஏழெட்டு நிமிடம் வாட்டினால் போதும். அதன் பிறந்த வீட்டு வழியே அதுதான். இனிப்பு பிஸ்கட்டைக் கல்லில் போட முடியாது. கனமான சட்டியில் ஒரு அங்குலத்துக்கு உப்பைப் பரப்பி, மேலே ஸ்டாண்டும் தட்டும் வைத்து மூடிச் சுடலாம். அடி சிவக்கும், மேல் வெளுத்தே இருக்கும். ஆவி உள்ளேயே நிற்காமல் மூடிக்கு அடியில் ஒரு கரண்டிக் காம்பைச் செருகி வையுங்கள். 2017-இல் ஒக்கிப் புயல் அடித்து நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது எனக்கு இந்தக் கல் பிஸ்கட் தெரிந்திருந்தால் பிள்ளைகளுக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும் என்று பிறகு பல தடவை நினைத்திருக்கிறேன்.

சத்துக் கணக்கில் இரண்டு பேரும் கொஞ்சம் அடங்கத்தான் வேண்டும். ஓட்ஸைப் பற்றிய பெருமையெல்லாம் அந்தப் பீட்டா குளுக்கானால்தான். ஒரு நாளைக்கு 3 கிராம் உள்ளே போனால் இதய நோய் அபாயத்தைக் குறைக்க உதவலாம் என்று 1997-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பாக்கெட்டில் போட அனுமதித்தது. 100 கிராம் ஓட்ஸில் சுமார் 4 கிராம் இருக்கிறது. ஆக, 75 கிராம் ஓட்ஸ் தின்ன வேண்டும். என் உப்பு பிஸ்கட்டில் அது ஏறக்குறைய 12. மைனியின் பிஸ்கட்டில் 18, அந்தப் பதினெட்டோடு 75 கிராம் கருப்பட்டியும் கூடவே உள்ளே போகும்! "கருப்பட்டிதானே, சுகர் ஏறாது" என்று நம்மூரில் நிறையப் பேர் சொல்வார்கள். கருப்பட்டியிலும் பெரும்பங்கு சர்க்கரைதான், ஏறத்தான் செய்யும். இதை மைனியிடம் சொன்னேன். "தெரியும், அண்ணனுக்கு ஒண்ணுக்கு மேல குடுக்க மாட்டேன்" என்றார். அண்ணன் டப்பாவை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும், மைனிக்குத் தெரியாது.

இனி மழை. குமரி மாவட்டத்துக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. பிஸ்கட் டப்பாவுக்கு இது பெரிய சோதனை. ஒரு ஐப்பசியில் இரண்டு வகையையும் ஒரே நாளில் சுட்டு, ஒரே மாதிரி எவர்சில்வர் டப்பாக்களில் போட்டு, ஆளுக்கு ஒரு ஜோடி வைத்துக்கொண்டோம். தோவாளையில் கருப்பட்டி பிஸ்கட் நாலு நாள் மொறுமொறுப்பாக இருந்தது. குலசேகரத்தில் இரண்டாம் நாளே வளைந்தது. மலையை ஒட்டிய ஊர், காற்றிலேயே தண்ணீர் நிற்கும். உப்பு பிஸ்கட் எனக்குப் பத்து நாள், மைனிக்கு ஆறு நாள். காரணம் எளிது. சர்க்கரையும் கருப்பட்டியும் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும். உப்பு பிஸ்கட்டில் இழுக்க அவ்வளவு ஆளில்லை. நமுத்துப் போனாலும் ஐந்து நிமிடம் கல்லில் வாட்டினால் புதுசு மாதிரி ஆகிவிடும். கருப்பட்டி பிஸ்கட்டைத் திரும்பச் சுட்டால் நடுவில் மொறுமொறுப்பு வருவதற்குள் ஓரம் கரிந்துவிடுகிறது.

இதற்கு மைனி கண்ட மருந்து தேன். மார்த்தாண்டம் தேனுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அவருக்கு அதன்மேல் தனிப் பாசம். கருப்பட்டிக்குப் பதில் தேனை ஊற்றினார். அது இன்னும் மோசம், தேன் ஈரத்தை இழுப்பதில் கருப்பட்டிக்கு மேல். ஒரே நாளில் கேக் மாதிரி ஆனது. மட்டி வாழைப்பழத்தைப் பிசைந்து ஓட்ஸோடு சேர்த்துச் சுடுவதும் செய்தோம். சர்க்கரை போடாமலே நல்ல இனிப்பு, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் அது பிஸ்கட் இல்லை, அன்றைக்கே தின்று தீர்க்க வேண்டிய பணியாரம்.

என் தீர்ப்பைக் கேட்டால், தினசரி டப்பாவுக்கு உப்பு பிஸ்கட்தான், அதுவும் மேற்கே மழைக்காட்டுப் பக்கம் இருப்பவர்களுக்குக் கட்டாயம் அதுதான். காலையில் சாயாவோடு இரண்டு, ராத்திரி பசித்தால் மூன்று, கூட என்ன இருக்கிறதோ அது. கருப்பட்டி பிஸ்கட் தை கடைசியில் இருந்து பங்குனி வரைக்கும், காற்று காய்ந்து கிடக்கும்போது. அல்லது ஆள் வருகிற அன்றைக்குச் சுட்டு அன்றைக்கே காலியாக்க. ருசியை மட்டும் வைத்துக் கேட்டால் மைனிக்குத்தான் என் ஓட்டு, இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

போன வாரம் குலசேகரத்தில் நாலு நாளாக விடாத மழை. மைனி போன் செய்தார். "பிள்ளே, அந்த ஓலைச் சருகுல நல்லமிளகு எவ்வளவு போடணும்?"