குல்மார்க் பனிமலைப் பயணத்துக்கு முன்பணம் கட்டும் முன்: எங்களுக்கு நேர்ந்தது

கடந்த பிப்ரவரியில் காஷ்மீரின் குல்மார்க்கில் ஐந்து நாள் பனிச்சறுக்குப் பயணம் ஒன்றுக்குத் தலைக்கு 62,000 ரூபாய் கட்டிச் சென்ற நாங்கள் ஆறு பேர், அங்கே மோசமாக ஏமாற்றப்பட்டோம். பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். என் தம்பி நெஞ்சளவு பனியில் புதைந்து, முழங்கால் ஜவ்வு கிழிந்து, சக்கர நாற்காலியில் சென்னை விமான நிலையத்தில் வந்து இறங்கினான். எங்கள் புகார் நுகர்வோர் ஆணையத்தின் முன் இருப்பதால் அந்த நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஆனால் வரும் குளிர்காலத்துக்கான விளம்பரங்கள் இப்போதே வரத் தொடங்கிவிட்டன. தமிழ்நாட்டிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆண்டுதோறும் கூடுதலானவர்கள் இந்த விளையாட்டுக்குப் போகிறார்கள் என்பதால், நடந்ததை முறையாகப் பதிவுசெய்ய வேண்டும் என்று நினைக்கிறேன்.

நாங்கள் போனது சுற்றுலாப் பயணிகள் குல்மார்க்கில் வழக்கமாகச் செய்யும் பனிச்சறுக்குக்கு அல்ல. சறுக்குப் பலகையின் அடியில் ஸ்கின் எனப்படும் மயிர்ப்பட்டையை ஒட்டிக்கொண்டு, குதிகால் மட்டும் தூக்கி மடங்கும்படி காலணியைப் பலகையோடு பிணைக்கும் பிணைப்புகளோடு மலையில் நடந்து ஏறி, மேலே போனதும் பட்டையை உரித்துவிட்டு, யாரும் சீர்செய்யாத பனியில் சறுக்கி இறங்குவதற்குத்தான் போயிருந்தோம். இந்த வேறுபாட்டை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. குல்மார்க்கின் கேபிள் கார் முதல் கட்டத்தில் கோங்டூரி வரைக்கும், இரண்டாம் கட்டத்தில் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்தில் உள்ள அப்பர்வட் மலைத்தோள் வரைக்கும் செல்கிறது. அந்தக் கம்பித்தடத்தின் கீழுள்ள, கிண்ணம் போன்ற முதன்மைச் சரிவை மட்டும்தான் ரோந்துக் குழுவினர் கண்காணித்து, ஆபத்தான பனியை வெடிவைத்துத் தள்ளிவிட்டுத் திறந்துவிடுகிறார்கள். அந்த எல்லையைத் தாண்டி ஓரடி வைத்தாலும், அங்கே பனியைச் சோதித்தவர் யாருமில்லை. அந்த இடத்தில் உங்களுக்கும் மலைக்கும் நடுவே இருப்பது வழிகாட்டியின் அறிவு ஒன்றுதான். நாங்கள் பணம் கொடுத்ததும் அதற்காகத்தான். அறைக்காகவோ சாப்பாட்டுக்காகவோ அல்ல.

எழுத்தில் அவர்கள் தந்த வாக்குறுதிகள் தெளிவாகவே இருந்தன. பனிச்சரிவுப் பயிற்சி பெற்ற, பத்து ஆண்டு அனுபவமுள்ள வழிகாட்டி வருவார் என்று அவருடைய புகைப்படத்தோடு குறிப்பிட்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் டிரான்ஸீவர், பனியைக் குத்திப் பார்க்கும் நீண்ட கம்பி, பனியைத் தோண்டும் ஷவல் ஆகிய மூன்றும் தரப்படும் என்றும், தினமும் காலையில் பனி நிலவரம் விளக்கப்படும் என்றும், காப்பீடும் கட்டணத்தில் அடக்கம் என்றும் இருந்தது. எழுபது சதவீதம் முன்பணமாகக் கேட்டார்கள், கட்டினோம். கூடவே நாள்வாரியாக எந்தச் சரிவில் ஏறுவோம் என்று ஓர் அட்டவணையும் வந்தது. அந்த அட்டவணையைப் பார்த்தபோதே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். பனி எப்படி இருக்கும் என்று தெரியாமல், மூன்று மாதங்களுக்கு முன்பே நான்காம் நாள் இந்தச் சரிவு என்று ஒருவர் எழுதித் தருகிறார் என்றால், அவர் பனியைப் பார்த்து முடிவெடுக்கப் போவதில்லை என்றுதான் அதற்குப் பொருள். அன்று நான் அதை நேர்த்தியான திட்டமிடல் என்று எண்ணினேன்.

வந்த வழிகாட்டி புகைப்படத்தில் இருந்தவர் அல்லர். இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத இளைஞர், சறுக்குவதில் மிகத் திறமையானவர், பழகுவதற்கும் இனியவர். சான்றிதழைக் கேட்டபோது அடிப்படைப் பனிச்சறுக்குப் பயிற்சிக்கான சான்றிதழ் ஒன்றைக் கைப்பேசியில் காட்டினார். நன்றாகச் சறுக்கத் தெரிவதும், ஒரு சரிவு இன்று நிற்குமா உடையுமா என்று கணிக்கத் தெரிவதும் முற்றிலும் வேறு வேறு கல்விகள் என்பதை அந்தப் பையனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அவரைக் குற்றவாளியாக்கி எழுத எனக்கு மனம் வரவில்லை. அனுபவமுள்ளவருக்கான கட்டணத்தை எங்களிடம் வாங்கிக்கொண்டு, நாள் கூலிக்கு ஓர் இளைஞரை அனுப்பி, எங்கள் ஏழு பேருடைய உயிரையும் பணயம் வைத்தது அந்த நிறுவனம்தான்.

கருவிகளின் நிலை இதைவிட மோசம். பனிக்குள் புதைந்தவரைக் கண்டுபிடிப்பதற்காக உலகெங்கும் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் சிறு கருவிதான் டிரான்ஸீவர். மேலே இருக்கும்போது எல்லோருடைய கருவியும் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒருவர் புதைந்துவிட்டால் மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி அவரைத் தேட வேண்டும். முழுவதும் புதைந்தவரை முதல் பத்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார் என்றும், அதற்குப் பிறகு மூச்சடைப்பினால் வாய்ப்பு வேகமாகச் சரிகிறது என்றும் மீட்புத் துறையினர் சொல்கிறார்கள். வெளியிலிருந்து உதவி வந்து சேர்வதற்குள் அந்த நேரம் கடந்துவிடும் என்பதால், கூட இருப்பவரின் கையிலுள்ள கருவிதான் புதைந்தவருக்கு உயிர். எங்களுக்குத் தந்த ஆறு கருவிகளில் ஒன்று இயங்கவே இல்லை. திறந்து பார்த்தால் மின்கலம் கசிந்து, முனைகளில் உப்புப் பூத்திருந்தது. இன்னொன்று பத்து மீட்டருக்கு அப்பால் எதையும் கேட்கவில்லை. ஷவல் ஆறு பேருக்கு இரண்டே இரண்டு. ஒவ்வொரு நாளும் புறப்படும்போது ஒருவர் நின்றுகொள்ள, மற்றவர்கள் ஒவ்வொருவராக அவரைக் கடந்துபோய்த் தத்தம் கருவி சமிக்ஞை தருகிறதா என்று சரிபார்ப்பது இந்த விளையாட்டின் அரிச்சுவடி. ஐந்து நாளில் ஒரு நாள்கூட அது நடக்கவில்லை. இரண்டாம் நாள் மாலை விடுதி முற்றத்தில் நாங்களாகவே சோதித்துப் பார்த்தபோதுதான் இவ்வளவும் தெரிந்தது. புகார் செய்ததும் இயங்காத கருவியை மாற்றித் தந்தார்கள், மற்றதை மாற்றவில்லை.

இனி பனியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்களுக்கு நேர்ந்ததன் வேர் அங்கேதான் இருக்கிறது. டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் நீளும் கடுங்குளிர்க் காலத்தைக் காஷ்மீரிகள் சில்லை கலான் என்கிறார்கள். அந்தக் குளிர்காலத்தில் அது பெரும்பாலும் வறண்டே கழிந்தது. முன்பு விழுந்த மெல்லிய பனியின் மேல் தெளிந்த வானமும் கொடுங்குளிருமாக வாரக்கணக்கில் நீடித்தது. இப்படி நேரும்போது, தரையை ஒட்டிய பனி ஏறத்தாழ உறைநிலையிலும் மேற்பரப்பு அதைவிடப் பல பாகை குளிர்ந்தும் இருப்பதால், பனிக்குள்ளேயே நீராவி கீழிருந்து மேலே நகர்ந்து, துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாத பட்டைதீட்டிய மணிகளாக மாற்றிவிடுகிறது. கையில் அள்ளினால் அஸ்கா சர்க்கரைபோல் உதிரும், உருண்டை பிடிக்க வராது. பிறகு மேற்கிலிருந்து வரும் காற்றழுத்தக் கலக்கம் ஒரே மூச்சில் அரை மீட்டர், ஒரு மீட்டர் என்று புதுப்பனியைக் கொட்டும்போது, அந்தக் கனம் முழுவதும் இந்தச் சர்க்கரையின் மேல்தான் உட்காருகிறது. காற்று வேறு முகட்டின் மறுபக்கத்திலிருந்து பனியை வாரி வந்து, குல்மார்க்கைப் பார்த்திருக்கும் சரிவுகளில் அடித்து இறுக்கிப் பலகையாக்கிவிடும். மேலே இறுகிய பலகை, கீழே உருளும் மணிகள், முப்பது பாகைக்கு மேற்பட்ட சாய்வு என்ற மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால், ஒரு மனிதனின் எடையே அந்தப் பலகை உடைவதற்குப் போதும்.

எங்கள் மூன்றாம் நாளும் அன்று இரவும் பனி கொட்டியது. நான்காம் நாள் காலையில் விடுதி வாசலில் என் சறுக்குக் கோலை ஊன்றிப் பார்த்தபோது ஏறத்தாழ அரை மீட்டர் புதுப்பனி இருந்தது. முகட்டில் காற்று பனியைப் புகையாக ஊதிக்கொண்டிருந்ததால் கேபிள் காரின் இரண்டாம் கட்டத்தை மூடிவிட்டார்கள். பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் கீழ் சண்டிகரில் இயங்கும் பனி ஆய்வு நிறுவனம் மாவட்டவாரியாக வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையில் குல்மார்க் அடங்கிய பாரமுல்லா மாவட்டமும் இருந்தது. இதைவிட வெளிப்படையாக மலை பேச முடியாது. எங்கள் விடுதியிலிருந்தே கிளம்பிய இன்னொரு குழுவின் வழிகாட்டி, நடுவயதுக் காஷ்மீரி, தன் ஆட்களை மேலே கொண்டுபோகாமல் பாபாரிஷி பக்கத்து மரக்காட்டுக்குள் சாய்வு குறைந்த இடங்களுக்கு அழைத்துச் சென்றார். அந்த மலையில் பொறுப்பான வழிகாட்டிகள் இருக்கிறார்கள் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் வழிகாட்டியோ, அட்டவணையில் அப்பர்வட்டின் பக்கத் தோள் என்று இருப்பதாகவும், அலுவலகத்திலிருந்து வீடியோ எடுக்கச் சொல்லியிருப்பதாகவும் சொல்லி, கேபிள் காரில் கோங்டூரி வரை அழைத்துப்போய், அங்கிருந்து ஸ்கின் ஒட்டி ஏறத் தொடங்கினார். பனி நிலவர விளக்கம் என்று எதுவும் இல்லை.

ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில், காலுக்கடியில் ‘வூம்’ என்று ஓர் அடங்கிய ஓசை கேட்டது, முன்னால் போனவரின் சறுக்குப் பலகை முனையிலிருந்து மூன்று நான்கு மீட்டருக்கு ஒரு விரிசல் ஓடியது. பனிக்கு அடியிலிருக்கும் நலிந்த அடுக்கு நொறுங்கும் ஓசை அது. அது கேட்ட கணமே செங்குத்தான இடங்களை விட்டுத் திரும்பிவிட வேண்டும் என்று எந்தப் பயிற்சியிலும் முதல் நாளே சொல்வார்கள். நான் நிறுத்தச் சொன்னேன். பனி படிந்து உறுதியாகிறது, நல்ல அறிகுறிதான் என்றார் வழிகாட்டி. நான் அதற்குமேல் வற்புறுத்தவில்லை, என் தம்பியைத் திரும்பிப் போகச் சொல்லவும் இல்லை. அந்தச் சில நொடிகளை நான் இன்றுவரை மறக்கவில்லை.

அடுத்து வந்த சரிவை ஒவ்வொருவராக, இடைவெளி விட்டுக் கடந்திருக்க வேண்டும். ஏழு பேரும் வரிசையாக, ஒருவர் பின் ஒருவராக நுழைந்தோம். எங்களுக்கு மேலே ஏறத்தாழ முப்பது மீட்டர் அகலத்துக்குப் பனிப்பலகை உடைந்தது. முன்னால் இருந்த ஐவரை ஓரமாகத் தள்ளிவிட்டு, கடைசி இருவரையும் கீழே இழுத்துப் போனது. ஒருவர் மேற்பரப்பிலேயே நின்றுவிட்டார். என் தம்பி நெஞ்சு வரை புதைந்து, ஒரு கை மட்டும் வெளியே இருக்க, “அக்கா, கால் அசையல, அக்கா” என்று கத்திக்கொண்டிருந்தான். தலை வெளியே இருந்ததால் அவன் பிழைத்தான். ஓடி நின்ற பனிச்சரிவின் பனி சிமெண்ட் போல இறுகிவிடும். அதை வெறுங்கையால் தோண்ட முடியாது. இரண்டு ஷவலையும் மாற்றி மாற்றிப் பிடித்து அவனை முழுவதும் வெளியே எடுக்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. தலையும் புதைந்திருந்தால், பத்து மீட்டருக்கு அப்பால் கேட்காத அந்தக் கருவி அன்று யாருடைய கழுத்தில் தொங்கியது என்பதைப் பொறுத்து அவன் உயிர் இருந்திருக்கும். ரோந்துக் குழுவினர் இழுவைப் படுக்கையோடு வந்து, அவனைப் பத்திரமாக இறக்கிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பனிச்சரிவு இயற்கைச் சீற்றம், ஒப்பந்தப்படி அதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று பதில் வந்தது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த மலையில் 2023 பிப்ரவரி 1 அன்று போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரி 22 அன்று ரஷ்யர் ஒருவரும் பனிச்சரிவில் இறந்திருக்கிறார்கள். 2010இல் பயிற்சியிலிருந்த ராணுவ வீரர்கள் பதினைந்துக்கும் மேற்பட்டோர் குல்மார்க்கை அடுத்த கிலன்மார்க்கில் மாண்டார்கள். பனிச்சரிவு வரக்கூடிய மலை என்பது ஊரறிந்த செய்தி, அதைத் தவிர்க்கத்தான் வழிகாட்டிக்குக் காசு கொடுக்கிறோம். காப்பீட்டு எண்ணைக் கேட்டபோது மூன்று வாரம் பதிலே இல்லை. பிறகு, அப்படி ஒரு பாலிசி எடுக்கப்படவே இல்லை என்று தெரிந்தது. நம்முடைய சாதாரண பயணக் காப்பீடுகள் பெரும்பாலும் சாகச விளையாட்டுகளை விலக்கியே வைத்திருப்பதால், அறுவை சிகிச்சைச் செலவு முழுவதும் எங்கள் கையிலிருந்துதான் போனது.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி நிறுவனம் இருக்கும் ஊருக்குப் போக வேண்டியதில்லை, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். சேவைக்குக் கட்டிய தொகை ஐந்து லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வாட்ஸ்அப் உரையாடல்களை அழிக்காதீர்கள். எங்களிடம் இருக்கும் மிக வலுவான ஆதாரம், வேறொருவரின் புகைப்படத்தோடு அவர்கள் அனுப்பிய அந்த முதல் செய்திதான்.

முன்பணம் கட்டும் முன் நான் இனி கேட்கப்போவது இரண்டே கேள்விகள். வரப்போகும் வழிகாட்டி யார், பனிச்சரிவுப் பயிற்சியை எங்கே முடித்தார் என்பது ஒன்று. சென்ற பருவத்தில் எத்தனை நாள் பனி சரியில்லை என்று பாதியில் திரும்பினீர்கள் என்பது மற்றொன்று. ஒரு நாள்கூடத் திரும்பியதில்லை என்று பெருமையாகச் சொல்கிறவரோடு நான் போகமாட்டேன்.

தம்பி இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறான், மாடிப்படி இறங்கும்போது மட்டும் கைப்பிடியைப் பற்றிக்கொள்கிறான். அந்த நிறுவனத்தின் வரும் பருவத்துக்கான விளம்பரம் சென்ற வாரம் என் கண்ணில் பட்டது. எங்களோடு வராத அதே வழிகாட்டியின் புகைப்படம், அதே கட்டண முறை, நான்காம் நாளுக்கு அதே சரிவு.